பின்பாட்டு நுழையும் இடம்

மூன்று ஒத்திகையிலும் தங்கை பின்பாட்டுக்கு நுழைய வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள். முதல் முறை முந்தினாள், அடுத்த முறை பிந்தினாள், மூன்றாம் முறை வாயே திறக்கவில்லை.

அச்சுத் தொழிலாளர் சங்கக் கூடத்தின் பக்கத்து அறையில், காகிதக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து அண்ணன் கரண்ட் கிதாரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"உனக்கும் இந்தக் கிதார் புடிக்கலன்னா நேரா சொல்லிடு. ஊரே திட்டுது, நீயும் சேந்து திட்டு. இப்படி வேணும்னே சொதப்பாத."

"வேணும்னு இல்லண்ணா."

"பதினோரு வருஷமா ஒரு இடத்துலகூடத் தப்பாதவ, நான் இந்தக் கிதாரத் தொட்டதும் தப்புறியே. அது எப்படி?"

அவன் ஒயரின் நுனியை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"இன்னிக்கும் தப்பினா, ஆர்கெஸ்ட்ரால பாடுற பொண்ணு ஒண்ணு இருக்கு, அதக் கூட்டிக்கிறேன். நீ கீழ உக்காந்து அவங்களோட சேந்து கூச்சல் போடு."

சொல்லிவிட்டு ஒயரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அண்ணன் பாட்டுக்குத் தாளக் கணக்கு கிடையாது. ஆலை வாசலில் நின்று நாலு பேரிடம் பேசுவதுபோலத்தான் பாடுவான். மனம் வந்தால் ஒரு சொல்லைத் தெருக்கோடி வரை இழுப்பான், வராவிட்டால் பாதியில் வெட்டுவான். எண்ணிக்கொண்டு நின்றால் ஏமாந்துதான் போக வேண்டும். அவளோ கூட்டத்தைப் பார்த்தால் வரி மறந்துபோகும் என்று கண்ணை மூடிக்கொண்டே பாடுகிறவள். அவளுக்கு இருந்த ஒரே அடையாளம் அவன் மூச்சு. சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து மூக்கு உடைந்ததிலிருந்து, மூச்சை இழுக்கும்போது அவனுக்கு மெல்லிய விசில் ஒன்று வரும். அந்த விசில் முடிகிற இடத்தில் அவள் நுழைவாள். அவ்வளவுதான் அவள் வித்தை.

கரண்ட் கிதார் வந்தபின் அந்த விசில் போன இடம் தெரியவில்லை. கிதாரோடு வந்த ஸ்பீக்கர் பெட்டியின் இரைச்சல் பாதியை விழுங்கியது. மீதியை மைக்செட்காரர் விழுங்கினார். "தம்பி, மூச்சு மைக்குல விழுந்தா புயல் அடிக்கிற மாதிரி கேக்கும். முகத்தத் திருப்பிக்குங்க" என்று அவர் சொன்னதை அண்ணன் தவறாமல் செய்தான்.

இதை அவனிடம் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? 'அந்தக் கிதாரால் என்னால் பாட முடியவில்லை' என்றுதானே அர்த்தம்? 'சினிமாவுக்கு வழி தேடுறான், சோரம் போயிட்டான்' என்று வெறும் வாயை மென்றுகொண்டிருப்பவர்களுக்கு அவல் கிடைத்தது போலாகிவிடும். போன வருஷம் ஆலை முற்றத்தில் பாடியபோது, பின்வரிசை ஆட்கள் பாட்டு காதில் விழாமல் காதருகே கையைக் குவித்துக்கொண்டு நின்றார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்துதான் அவன் இந்தக் கிதாருக்கு அலைந்தான். அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் வாய் வரவில்லை.

மேடை ஏறும் இடத்தில் மைக்செட்காரர் மறித்தார். "ஒயர மிதிச்சிடாதீங்கம்மா. கூடத்துல எல்லாரும் ஏற்கெனவே ஷாக் அடிச்ச மாதிரிதான் உக்காந்திருக்காங்க."

கூடம் நிறைந்திருந்தது. அண்ணன் முதல் கம்பியைத் தட்டியதுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"மிக்ஸிய நிறுத்துப்பா!"

"ஒயரப் புடுங்கு!"

முன்வரிசையில் பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, "நம்மாளுன்னு நெனச்சோமேடா!" என்றார். அழுகிறாரா திட்டுகிறாரா என்றே தெரியவில்லை.

அண்ணன் நிறுத்தவில்லை. முதல் அடி போனது. அவள் கண்ணை மூடி, காதைத் தீட்டி வைத்தாள். இரைச்சல்தான் வந்தது. அவள் நுழைய வேண்டிய இடம் கண் முன்னால் பஸ் போவதுபோலப் போய்விட்டது. அவன் சமாளித்து, வாசித்ததையே திரும்ப வாசித்து மறுபடி அவளுக்கு இடம் விட்டான். அதுவும் போனது.

"அந்தப் பொண்ணு பாட மாட்டேங்குது பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். "அதுக்காவது ரோஷம் இருக்கே! சபாஷ் தங்கச்சி!"

கை தட்டினார்கள். அவளுக்காகத் தட்டினார்கள். பதினோரு வருஷத்தில் அவளுக்கென்று விழுந்த முதல் கைதட்டல் அது.

கண்ணைத் திறந்தாள். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. 'நீயுமா' என்ற கேள்விகூட இல்லை. அவள் கூச்சல் போடுகிறவர்கள் பக்கம்தான் என்று அவன் முடிவே கட்டிவிட்டது தெரிந்தது.

கைதட்டல் ஓயவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் இப்படியே நின்றால் அது உண்மையாகிவிடும். நாலு எட்டு வைத்து அவன் பக்கம் போய், காதோடு சொன்னாள்.

"நீ மூச்சு இழுக்குறது கேக்கலண்ணா. அதக் கேட்டுத்தான் நான் பாடுவேன். எனக்கு வேற கணக்குத் தெரியாது."

அவன் வாய்க்கு நேரே மைக் இருந்ததை அவள் யோசிக்கவில்லை. அவள் குரல் நாலு ஸ்பீக்கரிலும் போய்க் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. கைதட்டல் நின்றுவிட்டது.

"மூச்சா?" என்றான் அண்ணன். அதுவும் ஸ்பீக்கரில் போனது.

"உன் மூக்கு விசில்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். அவளுக்கு அப்படியே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அண்ணன் கிதாரைத் தூக்கிப் பிடித்துப் பாட்டை முதலிலிருந்து தொடங்கினான். முதல் அடி முடிந்ததும் முகத்தைத் திருப்பாமல், மைக்கை முட்டிக்கொண்டு மூச்சை இழுத்தான். விசிலா அது? கூடமே ஒரு தரம் மூச்சு வாங்கியதுபோல இருந்தது.

"டாக்டரக் கூப்பிடுங்கடா!" என்று ஒருவன் கத்தினான்.

அவன் கத்தி முடிப்பதற்குள் அவள் நுழைந்திருந்தாள். சரியான இடத்தில். கண்ணை மூட மறந்துபோனாள். எழுந்து வெளியே போகிறவர்களின் முதுகும் தெரிந்தது, போகலாமா வேண்டாமா என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களும் தெரிந்தார்கள். பைண்டிங் பெரியவர் ஒரு காதிலிருந்து மட்டும் விரலை எடுத்திருந்தார்.

பாட்டு முடிந்தபோது கைதட்டலும் 'ஒயரப் புடுங்கு'வும் ஒன்றாகவே வந்தன. எது அதிகம் என்று சொல்ல முடியவில்லை. அண்ணன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தான்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன கேடு உனக்கு?"

"சொன்னா கிதார விட்டுடுவியோன்னு பயந்தேன்."

அவன் தளர்ந்த கிதார் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பிறகு கேட்டான்:

"அடுத்த பாட்டுல நீ நுழையுற இடம் எத்தன?"

"ஆறு."

"ஆறா!" என்று மூக்கைத் தடவினான். "சரி, இழுத்துப் பாப்போம். நீ தள்ளி நிக்காத, இங்கயே நில்லு."