நாமும் நாங்களும்

மருந்து பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் மெஷின் அவள் கைக்கு மட்டும்தான் பணிந்தது. அதனால் எல்லோரும் அவளை லேபிள் அக்கா என்றார்கள். அதனாலேயே அவளுக்கு லீவும் கிடைக்காது. போன மாதம் சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே நாம ஒரே டீம். ஒருத்தர் வரலைன்னாலும் வேலை நிக்கக் கூடாது. அக்கா, எல்லாருக்கும் கத்துக் குடுங்க" என்றார்.

கற்றுக்கொடுத்தாள். லேபிள் சுருங்கும்போது இடது உருளையை உள்ளங்கையால் லேசாக அழுத்த வேண்டும் என்பதைக்கூட மறைக்கவில்லை. பேக்கிங்கில் இருந்த வாயாடி சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "பாருக்கா, உன் மெஷின் கட்சி மாறிடுச்சு."

இன்று மதியம் வீட்டிலிருந்து போன் வந்தது. மகனுக்குக் காய்ச்சல். தயங்கி நின்றவளிடம் சூப்பர்வைசர் உடனே சொன்னார்: "கெளம்புங்கம்மா. நாங்க பாத்துக்கறோம்."

"நாளைக்கு வராட்டியும் பரவால்லக்கா. பையனைப் பாரு," என்றாள் வாயாடி, உருளையிலிருந்து கையை எடுக்காமல்.

இருவரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் படி இறங்கும்போது அந்தச் சொல் செருப்பில் புகுந்த கல்லாக உறுத்தியது. நேற்றுவரை 'நாம' என்றவர் இன்று 'நாங்க' என்கிறாரே. அவள் இல்லாமலும் ஓடும் மெஷினுக்கு அவள் எதற்கு?

பஸ்ஸுக்கு நின்றபோது சுவருக்கு அப்பால் மெஷின் சத்தம் கேட்டது. எங்காவது தடுமாறுகிறதா என்று காது கொடுத்தாள். தடுமாறவில்லை. மகனை நினைத்துப் பஸ் ஏறினாள். ஏறிய பிறகும் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனாள்.