நிறைகுடம் தணிகாசலம்

எங்கள் ஊரில் சித்திரை வெயிலுக்கு ஆட்கள் கரைந்துபோவது உண்டு. வீட்டார் அவர்களைக் குடத்தில் பிடித்து ஆஸ்பத்திரி மருந்தகத்துக்குக் கொண்டுவருவார்கள். நான் செறிவு பார்த்து, குறைகிற உப்பைச் சேர்த்து, தொட்டியில் ஊற்றிவைப்பேன். சாயங்காலம் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஓர் ஆள் அரைக்குடம் வருவார்.

வேதவல்லி தன் கணவர் தணிகாசலத்தை நிறைகுடமாகக் கொண்டுவந்தாள். லிட்டருக்கு ஒன்பது கிராம் உப்பு இருக்க வேண்டிய மனிதர் நாலரையில் இருந்தார்.

"தண்ணி ஊத்தினியாம்மா?"

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்ல எப்படி சார் கொறகுடம் வெக்கறது?"

எனக்கு எரிச்சலாக வந்தது. போன வருஷம் ஒருவரை நாலரையிலேயே எழுப்பிவிட்டோம். அவர் கூப்பிட்டால் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை, நிழலும் வெளுத்துத்தான் விழுகிறது. வற்றவைக்கலாம் என்றால், மனிதரை அடுப்பில் ஏற்றக்கூடாது. உப்பை இரட்டிப்பாக்குவது ஒன்றுதான் வழி. செறிவு சரியாகிவிடும், ஆனால் அளவு இரண்டு ஆளுக்கு இருக்கும்.

"ரெண்டு பேரா எழுந்திருப்பாரு. சம்மதமா?"

"பரவால்ல சார், ஒருத்தர் கடைக்குப் போவாரு." கொஞ்சம் தயங்கினாள். "கோவத்த மட்டும் கொறச்சுப் போட முடியுமா?"

மனிதனின் கோபம் பொட்டாசியத்தில் இருக்கிறது, சிரிப்பு குளோரைடில். ஒன்றுக்கு நேர் மின்சுமை, மற்றதற்கு எதிர் மின்சுமை. ஒன்றைக் குறைத்தால் மற்றதையும் அதே அளவு குறைத்தாக வேண்டும். அதைச் சொன்னேன்.

வேதவல்லி குனிந்து குடத்துக்குள் பார்த்தாள்.

"அவரு சிரிச்சாத்தான் சார் வீடு வீடா இருக்கும். முழுசாவே போடுங்க."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. முழுசாகவே போட்டேன். அவள் வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் இரண்டு தணிகாசலங்களும் எழுந்து, "ஒரு ஆள எழுப்ப இவ்ளோ நேரமாய்யா?" என்று ஒரே குரலில் என்மேல் எரிந்துவிழுந்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான்.

வெளியே, மேற்கு வெயில் விழுகிற பெஞ்சில் வேதவல்லியின் சேலை மட்டும் கிடந்தது. வாட்ச்மேன் அவளைச் சிந்தாமல் அதே குடத்தில் பிடித்துவைத்திருந்தார். அரைக்குடம் இருந்தாள்.

தணிகாசலங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார்கள். ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் குழாயைத் திறந்தார். நிறைகுடமாகக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார்கள்.

"கோபத்தக் கொறைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அவ சிரிச்சு நீங்க கேட்டதில்லையே சார்" என்றார் ஒருவர்.

மற்றவர் அலமாரியிலிருந்து பொட்டாசியம் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.