சாத்துக்குடி ஜூஸ் கொடுத்த அரசாங்கம்

யார் ஜூஸ் கொடுக்கிறாரோ அவர்தான் அரசாங்கம். அகிம்சைத் தலைமைப் பயிற்சிக்குத் தேர்வாகி வந்திருந்த கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது தெரிந்திருந்தது. பேச்சியம்மாளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

மாதிரி உண்ணாவிரதம் காலையில்தான் தொடங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரோஸ்லின் மத்தியானத்துக்குள் துவண்டு போனாள். பாவமே என்று பேச்சியம்மாள் எழுந்து, மேசைமேல் மூடி வைத்திருந்த சாத்துக்குடி ஜூஸை எடுத்து அவளிடம் நீட்டினாள். இரக்கப்பட்டது ஒரு குற்றமா? கூடம் முழுக்கக் கைதட்டியது. எங்கிருந்தோ கேமரா மின்னியது. முதுகில் வெள்ளைத் துண்டு விரித்த நாற்காலி ஒன்று தானாக வந்து அவளை உட்கார வைத்துக்கொண்டது.

"வணக்கம் மேடம்," என்றார் ஒருங்கிணைப்பாளர் அருமைநாயகம். காலையில் "ஏ புள்ள" என்று கூப்பிட்ட அதே மனுஷன்.

"சார், நான் பேச்சி."

"அது காலைல."

ரோஸ்லின் தம்ளரைத் தொடவே இல்லை. "கோரிக்கை நிறைவேறாம குடிக்க மாட்டேன் மேடம்."

பேச்சியம்மாள் வாசலைப் பார்த்தாள். அவள் தலைவியாக வேண்டும் என்று வந்தவளே இல்லை. தங்கை முத்தரசிக்குப் பதினாறு வயது. விடிந்தால் கல்யாணம். மாப்பிள்ளை சொந்த மாமா. பேச்சியம்மாள் அப்பாவிடம் அழுது பார்த்தாள், காலில் விழுந்து பார்த்தாள். அவர் மசியவில்லை. அடிதடி இல்லாமல் ஒரு கல்யாணத்தை எப்படி நிறுத்துவது என்று இங்கே சொல்லித்தருவார்கள் என நம்பித்தான் வந்திருந்தாள்.

"சரி, எல்லாக் கோரிக்கையையும் ஏத்துக்கிட்டேன். எந்திரிங்க. நான் ஊருக்கு பஸ் பிடிக்கணும்."

கூட்டத்துக்கு முகம் சுருங்கிவிட்டது.

"சட்டுனு ஏத்துக்கிட்டா எப்படி மேடம்? நாங்க இன்னும் பாட்டே பாடல."

"கோரிக்கை என்னன்னாவது சொல்லுங்க."

"அரசாங்கத்துக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவர்கள் பாடத் தொடங்கினார்கள். நல்ல பாட்டுதான். முடியத்தான் இல்லை.

பேச்சியம்மாள் எழுந்தாள். நாற்காலியும் கூடவே எழுந்தது. வாசலை நோக்கி நடக்க நடக்கக் கூடம் நீண்டுகொண்டே போனது. ஒருவழியாக வாசலை எட்டியபோது, குறுக்கே பிள்ளைகள் வரிசையாகப் படுத்திருந்தார்கள்.

"மிதிச்சிட்டுப் போங்க மேடம். நாங்க தடுக்க மாட்டோம், வெறுக்கவும் மாட்டோம்."

காலைத் தூக்கினாள். மனசு வரவில்லை. ஒருத்தராவது அவள் மேல் கை வைத்திருந்தால் திமிறிக்கொண்டு ஓடியிருப்பாள். ஒருத்தரும் வைக்கவில்லை.

அப்போது படுத்திருந்தவர்கள் தாங்களாகவே விலகி வழிவிட்டார்கள். முத்தரசி உள்ளே வந்தாள். முகத்தில் நலங்கு மஞ்சள் இன்னும் காயவில்லை. பேச்சியம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஏட்டி முத்து! எப்படிட்டி வந்த?"

முத்தரசி நேராகப் போய் ரோஸ்லினுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடம், நாளைக்கு எனக்குக் கல்யாணம். நிறுத்துங்க."

"நான் ஒன் அக்காட்டி!"

"இருக்கட்டும் மேடம். நிறுத்துங்க."

இத்தனை நேரம் இது தோன்றவில்லையே என்று பேச்சியம்மாள் தன்னையே திட்டிக்கொண்டாள். அவள்தானே அரசாங்கம்! ஒரு வார்த்தை போதும். அப்பா என்ன, மாமா என்ன, போட்ட பந்தலையே பிரித்துவிடலாம். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நிறுத்தியாச்சு என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"பரிசீலிக்கிறோம்மா," என்றாள்.

பதறிப்போய் மறுபடி திறந்தாள்.

"சட்டம் தன் கடமையைச் செய்யும்."

"நல்லா வருது மேடம்," என்றார் அருமைநாயகம்.

பேச்சியம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். விரல் இடுக்கு வழியாக, "குழு போட்டிருக்கோம்," என்று கேட்டது. அது அவள் குரல்தான்.

வெளியே வேன் வந்து நின்றது. அப்பாவும் மாமாவும் இறங்கி வந்தார்கள். அவர்களுக்கும் வழி கிடைத்தது. பெற்ற மகளின் முன்னால் அப்பா பணிவாகக் கைகூப்பினார்.

"மேடம், இது எங்க வீட்டு விசயம்."

ஆட்டவே கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தலை சரி என்று ஆடியது.

முத்தரசி முரண்டு பிடிக்கவில்லை. எழுந்து அவர்களோடு நடந்தாள். வாசலில் நின்று அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துளிகூட வெறுப்பு இல்லை.