நின்ற கட்டம்

சனவரி இருபத்துநான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தபோது, மழலையர் வகுப்பின் எண் விளையாட்டுப் பலகையில் சிவப்புக் காய் யாரும் தொடாமலே ஒரு கட்டம் நகர்ந்தது. அது முந்தைய மாதம் காய்ச்சலில் இறந்துபோன வாலுவின் காய். குழந்தைகள் பயப்படவில்லை. முள் இரண்டில் நின்றும் அவள் ஒரு கட்டம்தான் போனாள் என்று டீச்சரிடம் புகார் சொன்னார்கள்.

புகாரில் நியாயம் இருந்தது. ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதிய வட்ட அட்டையில் முள்ளைச் சுழற்றி, வந்த எண்ணுக்கேற்பக் காயை நகர்த்த வேண்டும். வாலு உயிரோடிருந்தபோதும் தான் நின்ற கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவாள். இரண்டு வந்தால் ஒரு கட்டம் போவாள். ஒன்று வந்தால் நின்ற இடத்திலேயே நிற்பாள். அந்த வயதுக்கே உரிய பிழைதான். காயை அடுத்த கட்டத்தில் வைத்த பிறகே 'ஒன்று' சொல்லப் பழக்கினால் சில நாளில் சரியாகிவிடும். ஓர் ஒற்றெழுத்து விடுபட்டாலே தூக்கம் கெட்டுப்போகும் டீச்சர் அடுத்த ஆட்டத்திலேயே சொல்லிக்கொடுக்கக் காயைத் தொடப் போனார். அதற்குள் செய்தி கேட்டு, தைத்துக்கொண்டிருந்த துணியைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்த வாலுவின் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிக் கட்டத்தை எட்டியவர் எழுந்து வெளியே போகலாம் என்பது வகுப்பு விதி.

"சொல்லிக் குடுத்துடாதீங்க டீச்சர். சரியா எண்ணிட்டா போயிடுவா."

சொல்லிக்கொடுக்கலாமா, கூடாதா என்று எழுதிக் கையொப்பமிடும்படி தலைமையாசிரியை அம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்தார். அது தையல் பெட்டிக்குள் போயிற்று. அன்றுமுதல் அம்மா சன்னலோரம் உட்கார்ந்து பார்த்தார். மற்றவர்கள் முடித்துவிட்டு எழுந்தோட, முள் தானாகச் சுழலும்; ஒன்று வந்தால் சிவப்புக் காய் லேசாக நடுங்கும், நகராது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் பாதிவழி போவதற்குள் மணி அடித்துவிடும்; மறுநாள் மீண்டும் முதல் கட்டத்திலிருந்து ஆட்டம். ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலே போக, இன்னும் சின்னக் குழந்தைகள் வந்து அவளோடு ஆடினார்கள். எவ்வளவு நாளாயிற்று என்று யார் கேட்டாலும், எந்த ஆண்டு கேட்டாலும், "இப்பதான் ஒரு வருஷம்" என்றார் அம்மா.

ஒருநாள், வாலுவோடு ஒரே பாயில் உட்கார்ந்தவள், இப்போது அம்மாவின் தோளுக்கு வளர்ந்தவள், தன் தம்பியைக் கூட்டிப்போக வந்து பலகையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி, இவ இன்னும் இங்கயேதான் இருக்காளா? நாங்கள்லாம் போயிட்டோமே."

அம்மா அன்று மணிக்கு முன்பே எழுந்துபோனார்.

மறுநாள் தாளோடு வந்தார். மடிப்பில் நூல் ஒட்டியிருந்தது. சொல்லிக்கொடுக்கலாம் என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். தேதியில் முதலில் வாலு இறந்த ஆண்டை எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு நடப்பு ஆண்டை எழுதியிருந்தார்.

"மெதுவா சொல்லிக் குடுங்க டீச்சர். அதட்டினா அடம் பிடிப்பா."

அடித்தல் திருத்தல் உள்ள எந்தத் தாளையும் அதுவரை ஏற்றுக்கொண்டிராத டீச்சர், அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.