எட்டாம் அத்தியாயத்துக் கஞ்சி

மூர்வானியின் கதாநாயகன் ஏழாம் அத்தியாயத்தில் காய்ச்சலென்று படுத்தான். ஒரு வருஷமாகியும் அவன் எழுந்திருக்கவில்லை. டாக்டரை அனுப்பினாள், காதலியை அனுப்பினாள், வீட்டுக்குத் தீயே வைத்துப் பார்த்தாள். பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி கிடந்தான். ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவில் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கிறவனுக்கு அவள் வைத்திருந்த பெயரோ சூரியஜகத்நாதா.

எங்கள் ஊரில் பிள்ளை ஓயாமல் நோயில் விழுந்தால் மருந்தோடு பெயரையும் சந்தேகிப்போம். பெயர் கனம் தாங்காமல்தான் படுத்துவிட்டது என்று, சிவப்பும் வெள்ளையுமாய்க் கஞ்சி காய்ச்சி, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, லேசாக வேறொரு பெயர் வைத்துவிடுவோம். மூர்வானிக்கு அது ஒரு நாள் குளிக்கும்போது உறைத்தது. எட்டாம் அத்தியாயத்தில் எழுத்தாளர் மூர்வானியே கஞ்சிக் கிண்ணத்தோடு அவன் அறைக்குள் நுழைந்து, “இனிமே உன் பேரு உந்துங்” என்றாள். உந்துங் என்றால் அதிர்ஷ்டம். அவன் கஞ்சியைக் குடித்தான், எழுந்தான், ரிக்‌ஷாவை எடுத்துக்கொண்டு போனவன் நாவல் முடியும்வரை நிற்கவில்லை.

ஏற்கனவே இரண்டு பதிப்பகங்கள் கதவைச் சாத்திவிட்டன. மூன்றாவது பதிப்பகம் ஜகார்த்தாவிலிருந்து தன் பதிப்பாசிரியரையே ரயிலேற்றி அனுப்பியது. விலுஜெங் என்ற அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பென்சிலைக் காதில் செருகியபடிதான் வாசலேறினாள்.

“முழுக்க உந்துங்னே இருக்கட்டும்க்கா. பழைய பேரே வேணாம். பாதியில பேரு மாறினா அதே ஆளுதான்னு வாசகனுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியும்மா. வாசகன் என்ன பச்சப்புள்ளையா?”

“அப்புறம், எழுதுறவங்க கதைக்குள்ள கஞ்சி எடுத்துக்கிட்டு வரக்கூடாது. அந்த அத்தியாயத்தை எடுத்தாத்தான் அச்சுக்குப் போகும்.”

“என் கதை, என் கஞ்சி. வாசல்ல காவல்காரன் எவன் நிக்கிறான்?”

மூர்வானிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அந்த அத்தியாயம் போனால் நாவலே போச்சு, அவன் மறுபடி படுத்துவிடுவான். கூடவே பயமும். நாலாவது பதிப்பகம் என்று ஒன்று அவளுக்குத் தெரியாது.

புறாக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த அவள் புருஷன் கீத்தோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். “எழுத்தாளரம்மா, சண்டைய அப்புறம் போடு. கஞ்சி ஆறுது.” அன்று நிஜமாகவே கஞ்சி காய்ச்சியிருந்தார்கள். நாவல் முடிந்ததே, அதற்கும் ஒரு கஞ்சி வேண்டாமா?

விலுஜெங் இரண்டு கரண்டி சாப்பிட்டதும் கீத்தோ கேட்டான். “ஏம்மா, விலுஜெங்னா நல்லாயிருன்னு அர்த்தம். பொறந்த அன்னைக்கே யாரும் அந்தப் பேரு வைக்கமாட்டாங்களே. முன்னாடி என்ன பேரு?”

அவள் கரண்டி நின்றது. “ரத்னபுவனா,” என்றாள். “நாலு வயசுல டைபாய்டு. பொழைக்கமாட்டேன்னுட்டாங்களாம். அம்மா இதே கஞ்சிதான் காய்ச்சினாங்க.” பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அது வாழ்க்கை, இது நாவல். ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

எட்டாம் அத்தியாயத்தின் குறுக்கே பென்சிலால் பெரிய கோடு போட்டு, கையெழுத்துப் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மூர்வானி படியிலேயே நின்றாள். தெருவில் வாடகை மோட்டார் சைக்கிள்காரன் தலைக்கவசத்தை நீட்டிக்கொண்டிருந்தான்.

“ரத்னபுவனா!”

மூர்வானி யோசித்துக் கூப்பிடவில்லை, வாயில் வந்துவிட்டது. தெருவில் போனவர்கள் யாரும் திரும்பவில்லை. விலுஜெங் திரும்பினாள். யார் கூப்பிட்டது என்று பார்ப்பதற்கு முன்பே, நாலு வயதுப் பிள்ளை திரும்புகிற மாதிரி, சட்டென்று.

“பாரு, திரும்பிட்டியே,” என்றாள் மூர்வானி.

விலுஜெங் தலைக்கவசத்தை மாட்டவில்லை. கண்ணைத் துடைத்தாள், பிறகு சிரித்தாள். “அம்மா போனதுக்கப்புறம் யாருமே கூப்பிடலக்கா. அந்த ரத்னபுவனா செத்துட்டான்னே நெனச்சிருந்தேன்.”

மோட்டார் சைக்கிள்காரனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். ரப்பர் கேட்டு வாங்கி, கோட்டை மெனக்கெட்டு அழித்தாள். மூர்வானி இருந்த சந்தோஷத்தில் ரப்பர்த் தூள் அத்தனையையும் தன் மடியிலேயே வாங்கிக்கொண்டாள்.

“எட்டாம் அத்தியாயம் இருக்கட்டும். ஆனா ஒண்ணு,” என்றாள் விலுஜெங், பென்சிலை மறுபடி காதில் செருகியபடி. “முதல் ஏழு அத்தியாயத்துல அந்தப் பழைய பேரை யாரும் தொடக்கூடாது. அச்சகத்துக்காரன் கேட்டாலும் சரி, நீங்களே மனசு மாறினாலும் சரி.”

கீத்தோ அவள் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்புக் கஞ்சி ஊற்றினான்.