மினுக்காத சாம்பல்

"மினுக்கே இருக்கக் கூடாது" என்று பெயிண்டர் சொன்னதும், கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவரைப் பார்த்தார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் பெயிண்ட் டப்பா எடுப்பவர் பெயிண்டர். கண்ணாடி போலப் பளபளக்கிற ரகத்தைத்தான் வீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவார்.

"நீங்களா கேக்குறீங்க? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"சுவத்துக்கு இல்ல. பலகைக்கு. புரொஜெக்டர்ல படம் விழணும். நேத்து மினுக்கு அடிச்சுப் பாத்தேன், பல்பு வந்து நடுவுல குத்தவெச்சு உக்காந்துக்குது."

"யாரு பாக்க?"

"நான்தான். வேற யாரு இருக்கா வீட்டுல?"

வேறு யாரும் இல்லைதான். மனைவி கடல் தாண்டிப் போய் நாலு வருடம் ஆகிறது. அங்கே படுக்கையோடு கிடக்கும் ஒரு பணக்காரியைக் குளிப்பாட்டி, புரட்டிப்போட்டு, ஊட்டிவிடும் வேலை. இந்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். "இருக்கட்டுமா, வந்துடட்டுமா?" என்று போன ஞாயிறு கேட்டாள். "உன் இஷ்டம்" என்றார். வாயில் வந்தது அதுதான். போனை வைத்த பிறகு சாரத்தில் தொங்கிக்கொண்டும், சுவரில் பூசும் பட்டியைக் குழைத்துக்கொண்டும் வாரம் முழுக்க அந்த இரண்டு வார்த்தையை மென்றுகொண்டிருந்தார். போனில் தெரிகிற தீப்பெட்டி அளவு முகத்தைப் பார்த்து ஒரு மனுஷன் 'வந்துடு' என்று எப்படிச் சொல்வது? சொன்னாலும் அது கெஞ்சல் போலத் தெரியாதா? எதிரே ஆளாக உட்கார்ந்திருந்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அந்த நினைப்பில்தான், வேலை நடந்த வீட்டில் தூக்கிப்போட வைத்திருந்த புரொஜெக்டரைக் கேட்டு வாங்கி வந்தார். ஒரு மூலை கொஞ்சம் மங்கல். மற்றபடி பழுதில்லை. போனை அதில் மாட்டுகிற வயரை போன் கடையில் வாங்கிக்கொண்டார்.

சுவரில் படத்தை விழவைத்துப் பார்த்ததில் சரிப்படவில்லை. ஊரான் வீட்டில் மிஞ்சிய பெயிண்டெல்லாம்தான் பெயிண்டர் வீட்டுச் சுவர். ஒரு பக்கம் யாரோ டாக்டர் வீட்டுப் பச்சை, ஒரு பக்கம் பள்ளிக்கூடத்து நீலம், கதவுப் பக்கம் பாதியில் தீர்ந்துபோன மஞ்சள். பச்சையில் அவள் படத்தைப் போட்டால் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள் போல இருந்தாள். மஞ்சளில் காமாலை. படுக்கை விரிப்பைக் கட்டினார். ஃபேன் ஓடினால் கன்னம் ஆடியது, ஃபேனை நிறுத்தினால் இவர் வெந்தார். பேனர் துணியைத் திருப்பிக் கட்டினார். பின்பக்கம் இருந்த வேட்பாளரின் மீசை அவள் மூக்குக்குக் கீழே லேசாகத் தெரிந்தது. பிளைவுட்டில் மரத்தின் ரேகை. கடைசியில் ஹார்ட்போர்டு வாங்கி, சட்டம் அடித்து, இரண்டு கை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு இழைத்து, கைதேர்ந்த வேலையாக மினுக்கு பெயிண்டை அடித்தார். அவள் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளையாக ஒரு வட்டம் எரிந்தது.

"வெள்ளையும் வேணாம்" என்றார் கடைக்காரர். "வெளுத்த சாம்பல் அடிங்க. அந்த மெஷினுக்குக் கருப்பு அடிக்கத் தெரியாது. வெளிச்சம் மட்டும்தான் அதுகிட்ட இருக்கு. கருப்பை நீங்கதான் பலகையில வெச்சுக் குடுக்கணும்."

அது பெயிண்டருக்குச் சட்டென்று பிடிபட்டது. அவளிடம் கருப்பு நிறைய உண்டு. முடி, புருவம், இடது தாடையில் மிளகளவு மச்சம். மினுக்கில்லாத வெள்ளை ஒரு டப்பாவும், கலப்பதற்குச் சின்னக் குப்பியில் கருப்பும் வாங்கிக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை வேலை முடிந்து ஏணி கூடவே வந்தான். கூட வேலை பார்ப்பவன். தரையில் நின்றே மோட்டைத் தொடுவதால் அந்தப் பெயர். இரண்டு பேரும் சேர்ந்து, அடித்த மினுக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார்கள்.

"நல்ல வேலையக் கெடுக்குறோம்ணே. கை வரமாட்டேங்குது."

"தேய்டா. வாய் நல்லா வருதுல்ல."

"அண்ணிய இவ்ளோ பெருசாப் பாத்துத் தாங்குவியா? சின்னதா இருக்கும்போதே பயப்படுவ."

"பெருசா இல்லடா. சரியான சைஸு."

அவர் அளக்கிற மடக்குக் குச்சியைத் தொடவில்லை. கையைச் சாணாக விரித்துக் காட்டினார். தாடையிலிருந்து வகிடு வரை ஒரு சாணும் ஒரு விரலும். புரொஜெக்டரை அதற்குத் தக்க தூரத்தில் வைத்துத் தரையில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். ஏணி அந்தக் கோட்டைப் பார்த்தான், பிறகு எதுவும் கிண்டல் பண்ணவில்லை.

சாம்பலைக் கலப்பதில்தான் நேரம் போனது. கருப்பு ஒரு சொட்டு கூடினால் பலகை சிமெண்டு போல ஆனது, குறைந்தால் முடி வெளுத்தது. அட்டைத் துண்டுகளில் தடவி, உலர்த்தி, அவள் படத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஏழாவது துண்டில் மச்சம் வந்தது. ரோலரை மேலிருந்து கீழே ஒரே வாக்கில் ஓட்டி மூன்று கோட் அடித்தார். எந்த வீட்டுக்கும் இவ்வளவு பொறுமையாக அடித்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் சன்னலில் கருப்புத் தார்ப்பாயை ஆணியடித்தார். கதவிடுக்கில் கோணி. குளித்துச் சவரம் செய்து, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முதுகில் வியர்வை ஓடியது. வேலைத்தளத்தில் யாரையும் அதட்டாத மனிதர், ஒரே ஒரு வார்த்தையை நாலு தரம் உரக்கச் சொல்லிப் பார்த்தார். போன் மணி அடித்தது.

பலகையில் அவள் வந்து உட்கார்ந்தாள். வந்து உட்கார்ந்தது போலவே இருந்தது. முடி கருப்பாக இருந்தது. கண்ணுக்குக் கீழே குழி விழுந்திருப்பது போனில் இத்தனை நாளும் தெரியவில்லை. காதோரம் நரை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. 'நல்லாச் சாப்பிடுறேன்' என்று வாராவாரம் சொன்னது இந்தக் கழுத்துதானா? அவர் தன்னை அறியாமல் எழுந்து போய்க் கையை நீட்டினார். கை எட்டுமுன் கையின் நிழல் போய் அவள் கன்னத்தை மறைத்தது. பின்வாங்கினார்.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"என்ன ஒரே இருட்டா இருக்கு? கரண்டு இல்லையா?"

"இருக்கு. நான் உன்னப் பாக்குறேன். நல்லாத் தெரியுற."

"எனக்குத் தெரியலையே. கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

"அது... அப்படித்தான். நீ பேசு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். யாரோ உள்ளே கூப்பிடும் சத்தம் கேட்டது. திரும்பி ஏதோ பதில் சொல்லிவிட்டு மறுபடி பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை, அவர் இருக்க வேண்டிய இருட்டைப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில கையெழுத்து கேக்குறாங்க. இருக்கவா, வரவா? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாதீங்க. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

"உன்..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். நாலு தரம் சொல்லிப் பார்த்த 'வந்துடு' வெளியே வரவில்லை.

"நீங்க வாயால சொல்லவே வேணாம்" என்றாள். "உங்க வாய் என்னைக்கு உண்மை பேசிச்சு? மூஞ்சியக் காட்டுங்க. நான் பாத்துக்குறேன். லைட்டப் போடுங்க."

லைட்டைப் போட்டால் அவள் போய்விடுவாள். அவர் பலகையை ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்த்தார். முடி, புருவம், மச்சம், கழுத்து. பிறகு சன்னலுக்குப் போய் தார்ப்பாயைப் பிடித்து இழுத்தார். ஆணிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது.

போனுக்கு நேராக வந்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், அதன் தலையிலிருந்த பொட்டளவுக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாடை ஆடியது. அதை அடக்கக் கை போனது; பாதியில் கையை இறக்கிவிட்டார்.

"தெரியுதா?"

லைன் இருந்தது, அவள் மூச்சு கேட்டது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. பலகையில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் சன்னல் கம்பிகளின் நிழல் ஐந்து கோடுகளாக விழுந்து, வெளியே மேகம் நகர நகர மங்கியும் தெளிந்தும் கிடந்தது.