நாலு விரல் கதவு

கலைக்கூடத்தின் இந்தப் பருவத்துக் கண்காட்சிக்குக் கோமளவல்லியின் நைட்டியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். நைட்டியை மட்டும் தனியாகக் கழற்றித் தர முடியாது என்பதால் கோமளவல்லியும் கூடவே போக வேண்டியிருந்தது.

அவள் கறிவேப்பிலை வாங்கத்தான் கீழே இறங்கினாள். காய்கறி வண்டி வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. தெருமுனையில் நின்றது. தெருமுனைக்குப் போனால் அதற்கடுத்த தெருமுனையில் நின்றது. விடுவேனா என்று துரத்திக்கொண்டு போனாள். வண்டி கலைக்கூடத்தின் படிகளில் ஏறி உள்ளே போய்விட்டது. அவளும் போனாள். உள்ளே வண்டி இல்லை. கண்காட்சியை அமைக்கும் க்யூரேட்டர் நின்றுகொண்டிருந்தார். ஹேமநாதன் என்று பெயர். கதர் ஜிப்பாவும் கொண்டையும் போட்ட இளைஞர்.

"வாங்க மேடம். உங்களுக்காகத்தான் வெயிட் பண்றோம். பீடம் ரெடி."

"கறிவேப்பிலை வாங்க வந்தேன் தம்பி."

"எல்லாரும் அதுக்குத்தான் வராங்க," என்றார் ஹேமநாதன்.

பீடத்தில் ஏறி நிற்பதில் அவளுக்குப் பெரிய ஆட்சேபம் இல்லை. மானம் போகிற விஷயம் வேறொன்று இருந்தது. நைட்டியோடு வாசலுக்கு வருகிற எந்தப் பெண்ணும் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வருவாள். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடியிருக்கும் ஒரு துணிக்கு மேல் அந்தத் துண்டு எதை மறைக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. போட்டால் மரியாதை, போடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு. கோமளவல்லி அன்றைக்குத் துண்டு போடவில்லை. அது கொடியில் ஈரமாகக் கிடந்தது.

"ஒரு துண்டு மட்டும் கிடைக்குமா?"

"துண்டு தனி எக்ஸிபிட் மேடம். டெல்லிக்குப் போயிருக்கு."

அவள் இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் மேரி புஷ்பம் என்ற செக்யூரிட்டி அம்மாள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். யாரும் நைட்டியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. தொடலாமா வேண்டாமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்காக அவ்வப்போது அவளே தொட்டுக் காட்டினாள்.

கீழ்த்தளம் முழுக்க உடைகள். 'வாசலுக்கு வரும் உடைகள்' என்று அந்தக் கண்காட்சிக்குப் பெயர். முதல் மாடியில் வீடியோக் கலை. இரண்டாம் மாடியில் சிற்பங்கள். சிற்பங்கள் இன்னும் வந்து சேரவில்லை. பார்க்கப் போனவர்களும் இறங்கி வரவில்லை. அதனால் மேலே நல்ல கூட்டம் என்று பேசிக்கொண்டார்கள்.

அடுத்த பீடத்தில் கோமளவல்லி குடியிருக்கும் அடுக்குமாடியின் அசோசியேஷன் செக்ரட்டரி வைத்தியலிங்கம் நின்றிருந்தார். லுங்கி கட்டியிருந்தார். சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்திருந்தார். அழைப்புமணி அடித்ததும் ஆம்பிளைகள் அவசரமாகச் சட்டையைத் தேடுவார்களே, அந்தக் கோலம். அடுத்த கையை நுழைக்க அவருக்கு அனுமதி இல்லை.

"சார், நீங்க எப்ப வந்தீங்க?"

"போன சீசன்."

"வீட்ல தேட மாட்டாங்களா?"

"தேடுறதா இருந்தா இந்நேரம் வந்திருப்பாங்கம்மா," என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கல்லூரிப் பெண்கள் கூட்டமாக வந்து தரையில் உட்கார்ந்து அவளை வரைந்தார்கள். கைகளைக் கட்டியிருந்த விதம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"அந்தக் கூச்சம் சூப்பரா வந்திருக்குல்ல?" என்றாள் ஒருத்தி.

"ஒரிஜினல் கூச்சமாக்கா?" என்று இன்னொருத்தி மேரி புஷ்பத்திடம் கேட்டாள்.

"ஒரிஜினல்தாம்மா. காலைலதான் வந்துது."

கோமளவல்லிக்கு உடம்பே எரிந்தது. கீழே இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் முதுகுப்பக்கம் வேறு தெரியும். நின்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் மேரி புஷ்பம் அவளை மாடிக்கு அழைத்துப் போனாள். கேன்டீனுக்கு வீடியோ அறை வழியாகத்தான் போக வேண்டும். அவர்கள் நடக்க நடக்க நடைபாதை முன்னால் நீண்டுகொண்டே போனது. மேரி புஷ்பம் ஒரு இடத்தில் செருப்பைக் கழற்றிச் சுவரில் ஓங்கித் தட்டினாள். அதற்குப் பிறகு அது ஒழுங்காக இருந்தது.

வீடியோ அறை இருட்டாக இருந்தது. பெயிண்ட் வாடை குப்பென்று அடித்தது. சுவர் அகலத்துக்கு ஒரு திரை. திரையில் ஒரு கதவு. கோமளவல்லி முதலில் யார் வீட்டுக் கதவோ என்றுதான் பார்த்தாள். அப்புறம் திருஷ்டிப் பிள்ளையார் தெரிந்தார். கீழே அவள் கணவர் ராஜமாணிக்கத்தின் பெயர்ப்பலகை. அதற்கும் கீழே அவளுடைய செருப்பு.

திரையில் மணி அடித்தது. கதவு நாலு விரல் அகலத்துக்குத் திறந்தது. கோமளவல்லியின் தலை மட்டும் வெளியே வந்தது.

"அக்கா," என்றது படம் பிடித்தவளின் குரல்.

"குமுதாவா? என்னடி சொல்லாம கொள்ளாம?"

"வந்துட்டேன்க்கா. இனிமே அங்க போறதா இல்ல."

திரையிலிருந்த கோமளவல்லி வெளியே இருந்த பெட்டியைப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"உள்ள பெயிண்ட் அடிக்கிறாங்கடி. ஒரே வாடை. உனக்கு ஒத்துக்காது."

கதவு மூடியது. திரை கறுத்தது. மறுபடியும் மணி அடித்தது. மறுபடியும் தலை வந்தது.

அன்றைக்கு வீட்டில் யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. மகள் தாரணியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். சோபா நிறைய மாப்பிள்ளை வீட்டார். கேசரி கொடுத்தாகிவிட்டது. பஜ்ஜி பாக்கி. புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்து நிற்கும் தங்கையை அந்தக் கூட்டத்துக்கு நடுவில் எப்படி உள்ளே விடுவது? விட்டால் இந்தச் சம்பந்தம் தட்டிப்போகும் என்று கோமளவல்லி பயந்தாள். தட்டிப்போகவில்லை. கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. குமுதவல்லி வரவில்லை. அவள் எங்கே போனாள், எப்படிப் பிழைக்கிறாள் என்று மூன்று வருஷமாக ஒரு தகவலும் இல்லை. அந்தப் பெயிண்ட் சமாச்சாரத்தைக் கோமளவல்லி கணவரிடம்கூடச் சொன்னதில்லை. ராத்திரி படுக்கையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் திரும்பத் திரும்ப மனசுக்குள் சொல்லிப் பார்ப்பாள்: தப்புப் பண்ணிட்டேன்டி, உள்ள வா.

இப்போது அந்தப் பொய்யை முப்பது பேர் இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பாப்கார்ன் சாப்பிட்டார். கூனிக் குறுகிப் போய் அவள் சுவரோரமாக ஒதுங்கினாள். சுவர் ஈரமாக இருந்தது. இரண்டு பெயிண்டர்கள் ஏணி போட்டு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

"இது எதுக்கு?" என்று ஹேமநாதனிடம் கேட்டாள். அவர் எப்போதும் பக்கத்தில்தான் இருந்தார்.

"நீங்கதானே மேடம் பெயிண்ட் அடிக்கிறாங்கன்னு சொன்னீங்க. எங்க கலைக்கூடத்துல பொய் வைக்கக் கூடாது. அதான் ஆள் போட்டிருக்கோம்."

"எப்ப முடியும்?"

ஏணியிலிருந்தவர் திரும்பினார். "நீங்க சொல்லணும்மா. நாங்க பாட்டுக்கு அடிச்சிட்டிருக்கோம்."

அவள் வந்த வழியே திரும்பினாள். கேன்டீனுக்கும் போகவில்லை. ஹேமநாதன் மட்டும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே வந்தார். சாயங்காலம் சீசன் தொடக்க விழாவாம். கலைஞர் நேரில் வருகிறாராம்.

"யாரு கலைஞர்?"

"வீடியோ ஆர்ட்டிஸ்ட். குமுதவல்லி மேடம். ரிப்பன் வெட்டுறதெல்லாம் பழசு. அவங்க வந்து மணி அடிப்பாங்க, நீங்க கதவைத் திறக்குறீங்க. அவங்க உள்ள வந்ததும் சீசன் ஆரம்பம்."

"எந்தக் கதவை?"

கோமளவல்லி அவருடைய போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள்.

"கதவைக் கழட்டிட்டுப் போய்ட்டாங்க," என்றார் ராஜமாணிக்கம். "நல்லா காத்து வருது. நீ கறிவேப்பிலை வாங்கிட்டியா?"

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கதவு கீழ்த்தளத்தில், கூடத்தின் நடுவில், சட்டத்தோடு நின்றுகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவர் இல்லை. ஆனாலும் யாரும் சுற்றிப் போகவில்லை. மரியாதை தெரிந்த கூட்டம்.

"நான் கெளம்புறேன்மா," என்றாள் மேரி புஷ்பத்திடம்.

"சீசன் முடியட்டும்."

"என் தங்கச்சி மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"கதவைத் திறந்தாத்தானே மூஞ்சி தெரியும்," என்றாள் மேரி புஷ்பம். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

ஓடிப்போகவும் ஆசையாக இருந்தது. குமுதாவைப் பார்க்கவும் ஆசையாக இருந்தது. பார்த்தவுடன் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட வேண்டும், கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட வேண்டும், ஊர் என்ன சொன்னால் என்ன என்று தைரியம் சொல்லிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

மணி அடித்தது.

தாழ்ப்பாளில் கை வைத்தாள். பின்னால் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினாள். கூடத்தைக் காணோம். அவள் வீட்டு ஹால் இருந்தது. சோபா நிறைய மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். கேசரி கொடுத்தாகிவிட்டது. தாரணி பட்டுப்புடவையில் தலை குனிந்து நின்றாள். பிள்ளையின் அம்மா கேசரியிலிருந்த முந்திரியை ஓரம் கட்டியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு வந்திருக்கா?"

கோமளவல்லியின் கைக்குக் கதவை எவ்வளவு திறக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நாலு விரல் அகலம் திறந்தது. அவள் தலையை நீட்டினாள்.

குமுதா நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கழுத்தில் கலைக்கூடத்தின் அட்டை தொங்கியது. கையில் அதே பெட்டி. அவளுக்குப் பின்னால் மந்திரி மாதிரி ஒருவர், கல்லூரிப் பெண்கள், தூக்கிப் பிடித்த செல்போன்கள். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியேயுமாக வைத்தியலிங்கம்கூட வந்திருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்டி," என்றாள் கோமளவல்லி.

அதுவரைக்கும் வந்தது. பாதி வாக்கியம்.

"முழுசாத் திறங்க மேடம்," என்றார் ஹேமநாதன்.

"யாரு, சம்பந்தியம்மா?" என்றது உள்ளேயிருந்து குரல். "வாசல்லயே நிக்க வச்சுப் பேசுறீங்க?"

மீதி வாக்கியம் இரண்டே சொல்தான். மூன்று வருஷம் ராத்திரி ராத்திரியாகச் சொல்லிப் பழகியும் இத்தனை பேருக்கு நடுவில், அதே சோபாவுக்கு முன்னால், அவள் வாய் திறக்கவில்லை. இப்படியும் ஒரு ஜென்மமா என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. தங்கை காத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பொறுமையைத் தாங்க முடியவில்லை.

நாலு விரல் இடுக்கில் ஒரு ஆள் நுழைய முடியாது. ஆனால் வெட்கத்தில் ஒடுங்கியவர்களால் முடியும் போலிருக்கிறது. கோமளவல்லி முதலில் தோளை விட்டாள். பிறகு இடுப்பை. பிறகு முழுதாக வெளியே வந்து தங்கையின் பக்கத்தில் நின்றாள். அத்தனை பேரும் நைட்டியைப் பார்த்தார்கள். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"என்னக்கா வெளிய வந்துட்ட?"

"உன்ன உள்ள கூப்பிட முடியலடி. அதான் நான் வந்துட்டேன்."

குமுதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. களைப்பு இருந்தது.

"உள்ள ஒரு அஞ்சு நிமிஷம் உக்காரணும்னுதான்க்கா வந்தேன்."

கோமளவல்லி மணியை அடித்தாள். யாரும் வரவில்லை. மறுபடியும் அடித்தாள். கதவு நாலு விரல் திறந்தது. தாரணியின் தலை வெளியே வந்தது. முடி நிறைய மல்லிகைப்பூ.

"யாரு வேணும்?"

"அம்மாடி நான். திற."

"அம்மா உள்ள இருக்காங்க," என்றாள் தாரணி மரியாதையாக. "வந்தவங்களோட பேசிட்டிருக்காங்க."

இடுக்கின் வழியாகப் பார்த்தாள். உண்மைதான். சோபாவுக்குப் பக்கத்தில் கோமளவல்லி குனிந்து பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். அரக்கு நிறப் பட்டுப்புடவை. முகமெல்லாம் சிரிப்பு. பார்க்க ரொம்ப நல்ல மாதிரியாக இருந்தாள்.

"நீங்க யாருங்க?" என்றாள் தாரணி.

கோமளவல்லி தரையைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது குமுதாதான் ஒரு அடி முன்னால் வந்தாள். கெஞ்சிப் பழகியவளின் குரலில் பேசினாள்.

"இவங்க எங்க அக்காம்மா. பாவம், கட்டின துணியோட வந்திருக்காங்க. காலைலேர்ந்து சாப்பிட்டிருக்க மாட்டாங்க. நான் வேணா இங்கயே இருக்கேன். இவங்கள மட்டும் கொஞ்சம் உள்ள விடும்மா."

தாரணி யோசித்தாள். பெட்டியைப் பார்த்தாள். உள்ளே திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுட்டு வரேன்," என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

கைதட்டல் நீண்ட நேரம் கேட்டது. சீசன் தொடங்கிவிட்டதாக ஹேமநாதன் மைக்கில் அறிவித்தார். கூட்டம் சிற்பங்களைப் பார்க்க மாடி ஏறியது. வைத்தியலிங்கம் பீடத்துக்குத் திரும்பினார். மேரி புஷ்பம் விளக்குகளில் பாதியை அணைத்தாள்.

குமுதா பெட்டியைத் தரையில் படுக்க வைத்தாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியல. இது மேல உக்காருக்கா."

"நீ?"

"எனக்கு நின்னு பழக்கம்தான்."

கோமளவல்லி பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நிமிர்ந்து தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.